கத்திரி முடியும்வரை குகையில்

ஏப்ரல் 30, புதன்

இன்று காலையோடு என் நைட் டூட்டி முடிந்தது. ஒரு நாள் டூட்டி அல்ல, மொத்த டூட்டியும். வார்டு பெண்கள் ஒரு சால்வையும் இந்த டைரியும் கொடுத்தார்கள். மருந்துக் கம்பெனி டைரி. பக்கத்துக்குப் பக்கம் அடியில் மலச்சிக்கல் மாத்திரை விளம்பரம். நாலு மாதம் வீணாகப் போய்விட்டது, மீதியையாவது எழுதி வைப்போம்.

வெள்ளிக்கிழமை புது வீட்டில் பால் காய்ச்சுவதாக இருந்தது. மதியம் போன் வந்தது. ஆரணியில் என் கணவருக்குப் பங்காளி முறையில் பெரியப்பா ஒருவர் காலமாகிவிட்டாராம். தொண்ணூறு தாண்டியவர். இவர் அவரைப் பார்த்ததே இல்லை. பார்க்காவிட்டாலும் தீட்டு தீட்டுதான் என்று என் நாத்தனார் தனகோட்டி அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். தீட்டு கழிவதற்குள் கத்திரி பிறந்துவிடும். கத்திரி வெயிலில் யாரும் புது வீடு புகமாட்டார்கள். ஆக, மே மாதக் கடைசி வரைக்கும் எங்கள் வீடு எங்களுக்கு இல்லை.

வாடகை வீட்டையோ இன்று காலை சாவியோடு ஒப்படைத்தாயிற்று. சாமான் டெம்போ ஷெட்டில், நாங்கள் லாட்ஜில்.

மே 1, வியாழன்

பழைய வீட்டிலேயே ஒரு மாதம் இருக்க முடியுமா என்று கேட்கப் போனோம். புதிதாகக் குடி வந்தவர்கள் அங்கே பால் காய்ச்சி முடித்திருந்தார்கள். அந்தப் பாலிலேயே எங்களுக்குக் காபி கொடுத்தார்கள். நன்றாக இருந்தது.

மே 2, வெள்ளி

சாமான் ஏற்றிய டெம்போ புது வீட்டு வாசலில் நிற்கிறது. டிரைவர் இறக்கு இறக்கு என்கிறார். தனகோட்டி அக்கா நிலைப்படிக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டு, பால் காய்ச்சாமல் ஒரு துடைப்பக்கட்டைகூட உள்ளே போகக்கூடாது என்கிறார். தன் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றும் கூப்பிட்டார். அவர் வீட்டில் நான் எப்படிக் குளிக்க வேண்டும் என்பதற்கே தனிச் சட்டம் உண்டு.

இவர் அதிகம் பேசமாட்டார். கூட்டுறவுப் பண்டகசாலையில் முப்பது வருஷம் எடை போட்டவர், பேச்சையும் எடை போட்டுத்தான் கொடுப்பார். வீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

எங்கள் மனை நரிப்பாறை அடிவாரத்தில் இருக்கிறது. பின்பக்கம் ஒரு பெரிய பாறை மேல் இன்னொரு பாறை சாய்ந்து ஒரு குகை. ஆடு மேய்க்கிறவர்கள் மழைக்கு ஒதுங்குவார்கள். அதுவும் எங்கள் பட்டாவில்தான் வருகிறது.

குகை வீடு இல்லை என்பதால் அதில் தங்கத் தடை இல்லை என்று அக்காவும் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"சோறு ஆக்கிக்கோ, கொழம்பு வெச்சிக்கோ. பால் மட்டும் காச்சிடாத. காச்சிட்டியானா அதான் உங்க வூடுன்னு ஆயிடும்."

டெம்போ டிரைவர் பீரோவைத் தூக்கிக்கொண்டு பாறை ஏறும்போது சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மே 3, சனி

வீட்டைப் பற்றி ஒரு விஷயம் எழுதிவிடுகிறேன், எழுதினால் மனசு ஆறும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டே பேர். நான் கேட்டது ஒரு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை. இவர் வீடு கட்டின மேஸ்திரி சம்பந்தத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி இரண்டு படுக்கையறை போட்டுவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. என் அறைக்குத் தெருப்பக்கம் தனியாக ஒரு வெளிக்கதவு வைத்துவிட்டார். சுவர் எழும்பும்போதுதான் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முப்பது வருஷம் நான் ராத்திரி வேலை, அவர் பகல் வேலை. அவர் கிளம்பும்போது நான் தூங்கப் போவேன். ரிட்டயர் ஆனால் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் இருப்போம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்குக் குடக்கூலிக்கு இருப்பவள் மாதிரி தனிக் கதவு வைக்கிறார். வீட்டுக்குள் போனதும் நீ யாரோ நான் யாரோ என்று இருக்க வேண்டியதுதான்போல. எனக்கும் ரோஷம் உண்டு. நானாகக் கேட்கமாட்டேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி பிறந்தது. வார்டிலிருந்து எடுத்து வந்த பழைய தெர்மாமீட்டரைக் குகையில் மாட்டினேன். அது நோயாளிக்கு வைப்பது, பாறைக்கு ஜுரம் இல்லை என்று காட்டுகிறது.

மே 6, செவ்வாய்

வீட்டுக்குள் நாங்கள் மட்டும்தான் போகக்கூடாது. மற்ற எல்லாரும் போகலாம். மேஸ்திரியின் ஆட்கள் பெயின்ட் வேலை பாக்கி என்று காலையில் வருகிறார்கள். மத்தியானம் கூடத்தில் ஃபேனைச் சுழலவிட்டு வரிசையாகப் படுத்துத் தூங்குகிறார்கள். நாங்கள் குகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். ஒருவன் எங்களைப் பார்த்துக் கையசைத்தான்.

எங்கள் ஃப்ரிட்ஜுக்கு அங்கிருந்துதான் ஒயர் வருகிறது. ஸ்விட்சைப் போட இவர் ஜன்னலோரம் நின்று பெயின்டரைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கக்கூஸ் வீட்டில் சேர்த்தியா இல்லையா என்று அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டோம். நல்லவேளை, சேர்த்தி இல்லையாம்.

மே 9, வெள்ளி

கேஸ் சிலிண்டர்காரர் அடையாளம் கேட்டார். புது வீட்டுக்குப் பின்னால் குகை என்று சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

மே 11, ஞாயிறு

குகையில் தட்டையான இடம் பீரோவுக்கும் அடுப்புக்கும் போக இரண்டு பாய் அளவுதான். பாயை ஒட்டித்தான் விரிக்க முடியும். விரித்தோம். என்ன செய்வது, பாறையை நகர்த்தவா முடியும்.

இவர் தூக்கத்தில் பேசுகிறார். "நாலு கிலோ முந்நூறு" என்கிறார், கொஞ்சம் பொறுத்து "பையைப் புடிம்மா" என்கிறார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனிதர் தூக்கத்தில் பேசுவார் என்பது எனக்குத் தெரியாது. காலையில் அதைச் சொன்னேன். இவருக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு மெதுவாக, நீ தூக்கத்தில் நோயாளியை அதட்டுகிறாய், ராத்திரி என்னை இரண்டு தடவை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாய், நானும் படுத்தேன் என்றார்.

ரொம்ப நேரம் சிரித்தோம். பெயின்டர்கள் என்னமோ ஏதோ என்று ஜன்னலுக்கு வந்தார்கள்.

மே 13, செவ்வாய்

ராத்திரியில் தூக்கம் வருகிறது. எனக்கு.

மே 15, வியாழன்

குரங்கு ஒன்று வந்து என் பிரிவு உபசாரச் சால்வையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. எதிர்ப் பாறையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இவர் ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, விழாவுக்கு விழா சால்வை போர்த்திக்கொள்ளும் உன் ஆஸ்பத்திரி டைரக்டரம்மாவைவிட அதுக்கு எடுப்பாக இருக்கிறது என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மாலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பண்டகசாலையில் நடந்த கதைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாக் கதையிலும் கடைசியில் யாரோ எடைக்கல்லைத் திருடுகிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் இதெல்லாம் இருக்காது. அவர் அறையில் அவர், என் அறையில் நான்.

மே 17, சனி

மேஸ்திரி சம்பந்தம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். அடுத்த தெருவில் ஒரு வீடு கட்டித் தருவதாகப் பேசி வைத்திருந்தாராம், அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்களாம். கட்டின வீட்டை விட்டுவிட்டுச் சொந்தக்காரர்களே பாறை இடுக்கில் கிடக்கிறார்கள் என்றால் அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு பொம்பளை உருவம் மத்தியானத்தில் வீட்டையே முறைத்துப் பார்ப்பதைப் பல பேர் கண்டிருக்கிறார்களாம்.

அது நான்தான் என்று சொன்னேன். அவருக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை.

மே 20, செவ்வாய்

நேற்றுச் சாயங்காலம் கோடை மழை. குகைக்குள் தண்ணீர் வராது என்று நினைத்திருந்தோம். பாறையின் வெடிப்பு வழியாக நேரே அரிசி டிரம்மில் இறங்கியது. இவர் டிரம்மை நகர்த்தி, ஃப்ரிட்ஜுக்குத் தார்ப்பாய் கட்டி, என் பாயைச் சுருட்டித் தன் தலைமேல் வைத்துக்கொண்டு மழை விடும்வரை நின்றார். பத்தடி தூரத்தில் கான்கிரீட் போட்ட வீடு. பெயின்டர்கள் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் நீட்டினார்கள். மழையில் நடந்து போய் வாங்கிக்கொண்டு வந்தேன், படி ஏறாமல்.

மே 21, புதன்

பால் காய்ச்சிவிட்டேன்.

இவருக்குக் குடல்புண் உண்டு. மூன்று வாரமாகப் பாலில்லாத கடுங்காபி. அதற்கு மேல் முந்தாநாள் நனைந்தது. விடிந்ததிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். அவருடைய மாத்திரை வெறும் வயிற்றில் போடக்கூடாது. டீக்கடைப் பாலில் பாதி தண்ணீர். ஒரு பாக்கெட் பாலை அடுப்பில் வைத்தேன். நான் நர்ஸ். நோயாளி பக்கத்தில் கிடக்கும்போது சாஸ்திரம் பார்த்துப் பழக்கமில்லை.

அவருக்கு மாத்திரையைக் கொடுக்கத் திரும்பிய நேரத்தில் பால் பொங்கி வழிந்துவிட்டது. கிழக்குப் பக்கமாக. அந்த நேரம் பார்த்து ஒரு டிபன் கேரியரோடு தனகோட்டி அக்கா பாறை ஏறி வந்து நின்றார். பாத்திரத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்தார்.

"கெழக்கால பொங்கிட்ச்சே" என்றார். அதற்கப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

இவர் பாலைக் குடித்தார். வலி குறைந்தது. அது எனக்குப் போதும்.

மே 22, வியாழன்

அக்கா ஜோசியரிடம் போய் வந்தார். ஒரே குடும்பத் தலைவர் ஒரே வருஷத்தில் இரண்டு இடத்தில் பால் காய்ச்சினால் குடும்பம் இரண்டாகப் போய்விடுமாம். அதனால் இந்த வருஷத்துக்குக் குகைதான் வீடு. வீட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்றால் பரிகாரம் உண்டாம். ஒரு பசுமாட்டைக் குகைக்குள் ஏற்றி, நாங்கள் குகையை விட்டுப் போகிறோம் என்று அதன் காதில் சொல்லிவிட்டு இறங்க வேண்டுமாம். பீரோவே திணறி ஏறிய இடத்தில் பசு எப்படி ஏறும் என்று கேட்டேன். அது பசுவின் இஷ்டம் என்றார்.

குடும்பம் இரண்டாகிவிடும் என்று அவர் கையை உதறிக்கொண்டு சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டையே இரண்டாகத்தானே கட்டி வைத்திருக்கிறோம்.

மே 25, ஞாயிறு

முடிவு எடுக்க வேண்டும். குகையா, வீடா. பசுவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டுமானால் இன்றே சொல்ல வேண்டும்.

உங்க இஷ்டம் என்றேன். உன் இஷ்டம் என்றார். உங்களுக்கு எது சௌகரியமோ அது என்றேன். எனக்கென்ன, எங்கேயும் இருப்பேன், நீதான் வேலை செஞ்சு களைச்சவ, நீ சொல்லு என்றார். காலைச் சிற்றுண்டியிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் இதே பேச்சு. நடுவில் சண்டையும் வந்தது. அவருக்கு வீட்டின் மேல் ஆசை, வாய்விட்டுச் சொல்லாமல் என் தலையில் கட்டுகிறார் என்று நான் சொன்னேன். உனக்குத்தான் வீடு வேணும் என்று அவர் சொன்னார். யாருக்கு வீடு வேண்டும் என்பதே தெரியவில்லை.

கடைசியில் நான்தான் சொன்னேன். வீட்டில் மொட்டைமாடி வெக்கை தாங்காது, குகை ஜில்லென்று இருக்கிறது, இங்கேயே இருந்துவிடுவோம் என்றேன். சரி என்றார். உடனே சொன்னார். அவ்வளவு உடனே சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வெக்கை காரணம் இல்லை. இங்கே பாயை ஒட்டி விரிக்காமல் வேறு வழி இல்லை. அந்த வீட்டில் வழி இருக்கிறது, கதவோடு. அந்த அறையில் தனியாகப் படுத்துச் சுவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அவரிடம் சொல்வேனா? மாட்டேன்.

மே 28, புதன்

கத்திரி முடிந்தது. யாரும் எங்கேயும் போகவில்லை.

மே 30, வெள்ளி

மேஸ்திரி சம்பந்தம் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை அழுதேவிட்டார்.

"சிஸ்டரம்மா, கத்திரி முடிஞ்சும் நீங்க உள்ள போவல. இனிமே எனக்கு எவன் வேலை குடுப்பான்? பேய் வூடு கட்றவன்னு பேரு ஆயிட்ச்சி."

பால் காய்ச்சிய கதையை விளக்கினோம். பெரிய மனிதர், தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அப்புறம் அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. அவர் இப்போது இருப்பதும் வாடகை வீடுதான். கட்டினவனே பெண்டாட்டி பிள்ளைகளோடு குடி போனால் அதற்கு மேல் எவன் பேய் என்று சொல்வான்? அவர் வேறு குடும்பம், வேறு தலைவர், அவர் பால் காய்ச்சினால் எங்கள் கணக்கில் சேராது. தனகோட்டி அக்காவும் ஜோசியரைக் கேட்டுச் சரி என்றுவிட்டார். ஒரு வருஷ காலமாக எங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் இதுதான்.

ஜூன் 2, திங்கள்

மேஸ்திரிக்கு வருகிற ஆறாம் தேதியிலிருந்து பதினோரு மாதத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தோம். முகவரி என்ற இடத்தில் இவர் "மேற்படி வீட்டுக்குப் பின்புறக் குகை" என்று எழுதினார். முத்திரைத்தாள் விற்பவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். ஒப்பந்தம் முடிகிற நாள் அடுத்த வருஷக் கத்திரிக்குள் விழுகிறது. அதையும் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, அவர்தான் சொன்னார்.

ஜூன் 6, வெள்ளி

எங்கள் வீட்டுப் பால் காய்ச்சலுக்கு நாங்கள் விருந்தாளியாகப் போனோம்.

என்ன பரிசு கொடுப்பது என்று இரண்டு நாள் யோசித்துச் சுவர்க் கடிகாரம் வாங்கினோம். வாசலில் மேஸ்திரியின் மனைவி செல்வாம்பாள் சந்தனம் கொடுத்து, "வாங்க, வூட்டயெல்லாம் சுத்திப் பாருங்க" என்றாள். பார்த்தோம். மாவிலைத் தோரணத்துக்குக் கீழே குனிந்து, முதல் முறையாக, வலது காலை வைத்து உள்ளே போனோம். கூடத்தில் மூன்று செங்கல் வைத்து விறகடுப்பு மூட்டிப் பால் ஏற்றியிருந்தார்கள். ஒரே புகை. பெயின்டர்கள் பந்தி பரிமாறினார்கள். தனகோட்டி அக்கா பாலுக்குப் பக்கத்திலேயே நின்று திசை பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறை மேடை எனக்குச் சரியான உயரம். அலமாரி நிறைய. வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

என் அறைக்கு வந்தோம். அங்கே செல்வாம்பாளின் மூன்று பிள்ளைகளும் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"சார், இவளுக்கு ரெண்டு வெளிக்கதவுன்னா பயமாகீதாம். சின்னப் பசங்க வேற. சிஸ்டரம்மா ரூம் கதவு எதுக்கும் ஆவல, செங்கல் வெச்சி மூடிடட்டுமா?"

எனக்கு வாய்விட்டுச் சிரிக்கலாம் போல இருந்தது. மூடு, தாராளமாக மூடு, பூசி மெழுகிவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அத்த மூடாத" என்றார் இவர்.

குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது. பிள்ளைகள் குதிப்பதை நிறுத்தினார்கள். மேஸ்திரி, யாரும் வரப்போறதில்லையே சார், எதுக்கு என்று கேட்டார். இவர் என்னைப் பார்க்கவில்லை. மேஸ்திரியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நாங்க இருந்த வாடகை வூடெல்லாம் உள்ளுக்குள்ள போர்ஷன். வூட்டுக்காரங்க கூடத்தத் தாண்டித்தான் போவணும். இவ நைட்டு டூட்டி முடிச்சி வருவா. ஆஸ்பத்திரிலருந்து வர்றவ எதுக்க வரக்கூடாதுன்னு, அவங்க குளிச்சி பூஜை முடிக்கிறவரைக்கும் உள்ள வுடமாட்டாங்க. தெருவுல கரண்ட் கம்பத்தாண்ட பைய வெச்சிகினு நிப்பா. நான் உள்ள ஜன்னலாண்ட நின்னு பாத்துகினு இருப்பேன். எத்தினி வூடு மாத்தினோம், எல்லா வூட்லயும் அதே கதைதான். நமக்குன்னு ஒரு வூடு கட்டினா, இவ யாரையும் கேக்காம நேரா வந்து படுக்கறதுக்கு ஒரு கதவு வெக்கணும்னு இருந்தேன். வெச்சேன்."

நான் கம்பத்தடியில் நின்றது உண்மை. அது எனக்கு ஒரு பெரிய விஷயமாகத் தோன்றியதே இல்லை. பத்துப் பதினைந்து நிமிஷம், அவ்வளவுதான். அவர் ஜன்னலில் நின்றது எனக்குத் தெரியாது.

"நான்தான் ரிட்டயர் ஆயிட்டேனேங்க" என்றேன்.

அவர் யோசித்தார். நிஜமாகவே அப்போதுதான் யோசித்தார்.

"ப்ளான் போடறப்ப அது நெனப்புல வரல. நீ காலைல வர்றதுதான எனக்குத் தெரியும்."

இந்த ஒரு கதவுக்காக நான் மாதக்கணக்கில் இந்த மனிதர் மேல் கோபமாக இருந்திருக்கிறேன். இந்தக் கதவுக்குப் பயந்து வீட்டையே பதினோரு மாதத்துக்கு இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனி எனக்கு இந்த வீடு வேண்டும். கொள்ளை ஆசையாக வேண்டும். கட்டிலில் மேஸ்திரியின் பிள்ளைகள் திரும்பவும் குதிக்க ஆரம்பித்தார்கள்.

செல்வாம்பாளிடம், ஒரு தடவை இந்தக் கதவு வழியாகப் போய் வரட்டுமா என்று அனுமதி கேட்டேன். இதுக்கெல்லாம் கேக்கணுமாம்மா என்றாள். தாழைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னேன். கையில் பை இல்லை, கடிகாரம் சுற்றி வந்த காகிதம் மட்டும் இருந்தது. தெருவில் இரண்டு பேர் நின்று என்னைப் பார்த்தார்கள். பேயைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்கள். அவர்களுக்கு நேராக, யாரையும் கேட்காமல், கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தேன்.

அவர் எதிரில் நின்றிருந்தார். "வா" என்றார்.

எந்த வீட்டிலும் காலையில் எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. அழுகை வந்தது, அத்தனை பேர் முன்னாலும் நின்று அழுதேன். செல்வாம்பாள் அடுப்புப் புகைதான் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து, ஓடிப்போய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாள்.